கால் பார் ஐஸ்

கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
மொட்டை மாடித் தளம் இன்னும்
பகலை விட்டபாடில்லை.
பாயை நனைத்து விரித்தும்
முதுகுக்கடியில் யாரோ
அடுப்பு மூட்டி வைத்த மாதிரி.

இரண்டு மணிக்குத் தம்பி போன்.
டாஸ்மேனியாவில் விடியப்போகிறதாம்.
"சத்தம் கேளுக்கா" என்றான்.
டக். டக். டக்.
பிறகு கண்ணாடி விரிசல் விடுகிற மாதிரி ஒன்று.
முதலாளி வீட்டுக் கோழிகளின் தண்ணித் தொட்டி
ராத்திரியில் உறைந்துவிடுகிறது,
ஒரு விரல் தடிமனுக்கு, மூடி போட்டதுபோல்.
சுத்தியலால் உடைத்து
சில்லுகளைப் புல்லில் வீசி
கெட்டில் வெந்நீரை ஊற்றினால்
ஒரு மணி நேரம் தாங்குமாம்.
"பழைய டயருக்குள்ள வைக்கோல் திணிச்சி
அதுக்குள்ள தொட்டிய எறக்கியிருக்கேன்.
கறுப்பு ரப்பர் வெயில இழுத்து வெச்சிக்குமாம்."
வெயிலா, என்றேன்.
சிரித்தான்.

காலையெல்லாம் வாயைப் பிளந்து
இறக்கையை உடம்பில் ஒட்டவிடாமல் நின்ற
என் சாம்பல் பெட்டை
நேற்று சின்டெக்ஸ் டேங்க் ஓரம் சாய்ந்துவிட்டது.
தொட்டியில் தண்ணீர் இருந்தது.
நிறையவே இருந்தது.
விரலை விட்டேன், உடனே எடுத்துவிட்டேன்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

கத்திரி முடிய ஆறு நாள்.
மீன்பிடித் தடை முடிய இருபத்து மூன்று.
போட்டெல்லாம் கட்டிக் கிடக்க
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
ஒரே ஒரு மிஷின் ஓடுகிறது.
ஒரே ராத்திரியில் அறுபது பார் உடைத்து
போட்டின் வயிற்றில் இறக்கிய ஆள்,
என் வீட்டுக்காரர் தேசப்பன்,
கால் பாருக்கு நின்றிருக்கிறார்.
"மீனே இல்ல, ஐஸ் எதுக்குண்ணே?"
கோழிக்கு என்று சொல்ல வெட்கம்.
வூட்ல விசேஷம் என்றாராம்.

மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி
டிவிஎஸ் வண்டியில் கால் இடுக்கில் கொண்டுவந்து
நாலு மாடி ஏறுவதற்குள்
படியெல்லாம் சொட்டு.
கீழ்வீட்டு ரெஜினா மேரி
இப்பத்தான் தொடைச்சேன் என்று கத்த,
அவள் பிள்ளை ஒரு துணுக்கைப் பொறுக்கி
கன்னத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிறான்.

இப்போது நான் உடைக்கிறேன்.
டக். டக்.
மண்சட்டியில் தண்ணீர், மூன்று துண்டு,
சுற்றிலும் ஈரச் சாக்கு.
டேங்கின் நிழல் நகர நகர
சட்டியும் நகர வேண்டும்.
பத்து மணிக்குத் துணிக்கொடி ஓரம்.
உச்சியில் நிழலே இல்லை,
முறத்தைச் சாய்த்து நானே ஒன்று செய்கிறேன்.
மூன்று மணிக்கு மேல் கடல் பக்கம்.

கொண்டைச் சேவல் நம்பவில்லை.
ஐஸைக் கொத்தியது. பின்வாங்கியது.
தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து
எதையோ கணக்குப் பார்த்தது.
பிறகு அலகை நனைத்து
கழுத்தை நிமிர்த்தி
ஒரு வாய்.
அது தொண்டையில் இறங்குவதை
நானும் அவரும்
பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தோம்.
பெட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன.
மிச்சத் துண்டை அவர்
கேப்பங்கூழில் போட்டுக்கொண்டார்.
கடக்முடக்கென்று கடித்தார்.
ரெண்டு மாசமா இந்தச் சத்தமே இல்ல என்றார்,
என்னிடம் இல்லை, சொம்பிடம்.

ராத்திரி மறுபடி கரண்ட் இல்லை, மறுபடி தம்பி.
"நேத்து வீசுன சில்லு
மத்தியானம் வரைக்கும் புல்லுலயே கெடந்துச்சிக்கா,
கரையவே மாட்டேங்குது."
அத இங்க தூக்கிப் போடேன் என்றேன்.
டக். டக்.
"கோழிங்க நல்லாருக்கா?"
"நாலும் நல்லாருக்கு."
டக்.
"அஞ்சு இல்ல?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.
கீழே மூன்று மாடியிலும்
ஃபேன்கள் ஒன்றாகச் சுற்றத் தொடங்கும் ஓசை.
அங்கே அவன்
சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.